பேத்தை மீனை வீட்டில் வளர்க்கலாமா?

வண்ண மீன் கடைக்குள் நுழைந்தால், நாம் பார்ப்பதற்கு முன்பே நம்மைப் பார்த்துவிடும் மீன் ஒன்று உண்டு. கப்பியும் மாலியும் தம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். இது மட்டும் கண்ணாடியருகே வந்து அந்தரத்தில் நின்று, ஒரு கண்ணை நம்மீதும் மறு கண்ணை வேறெங்கோவும் உருட்டும். கடலோரத்தில் பேத்தை என்றும் கடைகளில் பஃபர் என்றும் சொல்லப்படும் இந்த மீன், சென்னைக் கொளத்தூரின் வண்ண மீன் கடைகளில் இப்போது கேட்டால் கிடைக்கிற சரக்கு. உருண்டை உடம்பு, குழந்தை முகம், மிரண்டால் உடம்பை ஊதிக்கொள்ளும் வித்தை. வாங்கத் தூண்டுவதற்கு இவ்வளவு போதும். வாங்கிய பிறகு என்னென்ன வேண்டும் என்பதைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை.

வளர்க்கலாமா கூடாதா என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுத முடியாது. பேத்தை என்ற பெயருக்குள் அடங்கும் கூட்டம் அவ்வளவு பெரிது. டெட்ராடான்டிடே என்ற இந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 200 இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை கடல்வாசிகள். சுமார் 30 இனங்கள் வாழ்நாள் முழுவதும் நன்னீரிலேயே இருப்பவை. ஆறு கடலில் கலக்கும் கழிமுகங்களில் உப்பு கூடியும் குறைந்தும் வரும் நீரில் வாழ்பவை சில. அளவிலும் அப்படித்தான். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வளர்ந்து நின்றுவிடும் இனமும் உண்டு, 120 சென்டிமீட்டர் வரை வளரும் ஆரோத்ரான் ஸ்டெல்லாட்டஸும் உண்டு. ஆகவே கடைக்காரர் "இது பஃபர் சார்" என்று சொன்னால் அது பதிலாகாது. எந்த பஃபர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த உடம்பில் இல்லாதவற்றைப் பார்த்தாலே வளர்ப்பவரின் பாதி வேலை புரிந்துவிடும். பேத்தைக்குச் செதில் கிடையாது. தோல்மேல் சிறு முட்கள் மட்டும் சில இனங்களில் இருக்கும். அதனால் தண்ணீரில் கலக்கும் மருந்தும் நஞ்சும் மற்ற மீன்களைவிட இதைச் சீக்கிரம் தாக்கும். வெள்ளைப்புள்ளி நோய்க்குக் கடைகளில் கொடுக்கும் செம்பு கலந்த மருந்தை மற்ற மீன்களுக்கு ஊற்றும் அளவில் இதற்கு ஊற்றினால் நோய்க்கு முன் மீன் போய்விடலாம். விலா எலும்பும் இல்லை. ஊதிப் பெருக்க அதுதான் வசதி. இடுப்புத் துடுப்பும் இல்லாததால் முதுகு, அடிப்பக்கம், கன்னம் ஆகிய இடங்களிலுள்ள சிறு துடுப்புகளைப் படபடவென்று அடித்தே நகரும். நின்ற இடத்தில் நிற்கவும், பின்னோக்கி வரவும், ஒரு நத்தையை நாலு பக்கமும் சுற்றிப் பார்க்கவும் இதற்கு முடியும். வேகமாக ஓட முடியாது. பெரிய ஃபில்டரின் நீரோட்டத்தில் சின்னப் பேத்தையைத் தள்ளிவிட்டால் நாளெல்லாம் அதோடு மல்லுக்கட்டியே களைத்துப் போகும்.

இருப்பவற்றில் முக்கியமானது பல். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பல் தகடுகள் கிளியின் அலகுபோல் ஒட்டி நிற்கின்றன. அவை வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். காட்டில் நண்டு, நத்தை, சிப்பி என்று கடித்து உடைப்பதில் தேய்ந்து அளவாக நிற்கும். வீட்டுத் தொட்டியில் மெத்தென்ற புழுவை மட்டும் போட்டால், சில மாதங்களில் பல் நீண்டு வாயை அடைத்துவிடும். எதிரே இரை மிதக்கும், மீன் பார்த்துக்கொண்டே பட்டினி கிடக்கும். அனுபவசாலிகள் கிராம்பு எண்ணெய் சில துளிகள் கலந்த நீரில் மீனை மயக்கி, சிறு வெட்டுக்கருவியால் பல்லை நறுக்கிவிடுகிறார்கள். துளி கூடினால் மீன் கண் விழிக்காது. புதிதாக வளர்க்க வருகிறவர் இந்தச் சிகிச்சையை ஒரு வழியாகவே எண்ணக் கூடாது. பல் நீளாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழி.

அதற்கு நத்தை வேண்டும். பேத்தை வளர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் தொட்டி, ஃபில்டர், விளக்கு என்று ஆரம்பிக்கிறார்கள். நான் நத்தையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். நீர்ச்செடி வாங்கினால் இலவசமாகவே கூட வரும் சிறு குமிழ் நத்தைகள், தட்டையாகச் சுருண்ட ராம்ஸ்ஹார்ன் நத்தைகள் ஆகிய இரண்டும் உகந்தவை. பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, பழைய மீன்தொட்டித் தண்ணீர், வெள்ளரித் துண்டு, வெந்த கீரை இலை, இவ்வளவு போதும், பெருகிவிடும். ஓடு இறுகுவதற்குக் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்காகவே சிலர் முட்டையோட்டைக் கழுவிப் போடுகிறார்கள். கூம்பாக நீண்டிருக்கும் மலேசிய நத்தை மட்டும் சின்னப் பேத்தைக்கு ஆகாது. அதன் ஓடு கல்லாக இறுகியது, பல் உடையும். நத்தை வளர்ப்பதில் சலிப்பு வருகிறவருக்குப் பேத்தையிலும் சலிப்பு வரும் என்பது என் துணிபு.

நத்தையோடு தீராது. உலர் தீவனத்தைப் பேத்தைகள் பெரும்பாலும் தொடுவதில்லை. உறைய வைத்த ரத்தப்புழு, ஆர்ட்டீமியா, டாஃப்னியா, இறால் துண்டு என்றுதான் போக வேண்டும். நம் வீடுகளில் இங்கேதான் ஒரு சிக்கல். ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்தில் சிவப்புப் புழுக்கட்டி இருப்பதற்குச் சமையலறையை ஆள்பவரின் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். சைவ வீடுகளில் இந்தப் பேச்சு மீன் வாங்குவதற்கு முன்பே முடிந்துவிடுவது நல்லது. கடைகளில் உயிரோடு விற்கும் ட்யூபிஃபெக்ஸ் புழுவை மலிவென்று வாங்குவார்கள். அது சாக்கடை ஓரச் சேற்றில் வளர்வது, கூடவே நோயையும் கொண்டுவரும். கொசுப்புழு மீனுக்கு அருமையான இரை. ஆனால் அதற்காக வீட்டில் தண்ணீர் தேக்கி வைத்து டெங்குக் கொசு வளர்த்தால் மாநகராட்சி ஆள் வந்து அபராதம் எழுதிவிட்டுப் போவார், அக்கம்பக்கத்தாரும் சும்மா விடமாட்டார்கள்.

இனி எந்த இனம் என்ற கேள்வி. தமிழ்நாட்டுக் கடைகளில் அதிகம் கண்ணில் படுபவை இரண்டு.

முதலாவது, பச்சை முதுகில் கரும்புள்ளியும் வெள்ளை வயிறுமாக மின்னும் பச்சைப் புள்ளிப் பேத்தை. கடைகளில் கிரீன் பஃபர். டைக்கோட்டோமிக்டெரே நைக்ரோவிரிடிஸ் என்பது இப்போதைய அறிவியல் பெயர். இலங்கை முதல் இந்தோனேசியா, சீனம் வரை கழிமுகங்களிலும் கண்டல் காடுகளிலும் வாழ்கிறது. ஆய்வுக்கூடங்களிலும் இதற்குப் பெயர் உண்டு. முதுகெலும்பிகளில் மிகச் சிறிய மரபுத்தொகுதி பேத்தைகளுக்குத்தான். மனிதனுடையதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. அதனால் மனித மரபணுக்களைப் புரிந்துகொள்ள இவை சுருக்கமான ஒப்பீட்டுப் பாடமாக உதவும் என்று 1993-இல் சிட்னி பிரென்னரும் அவர் குழுவினரும் முன்மொழிந்தார்கள். ஜப்பானியப் பேத்தையின் மரபுத்தொகுதி 2002-இலும், இந்தப் பச்சைப் புள்ளி மீனுடையது 2004-இலும் வெளியாயின. உலகின் பெரிய ஆய்வேடுகளில் இடம்பெற்ற மீன், நம் ஊரில் வட்டக் கண்ணாடிக் குடுவையில் செத்துக்கொண்டிருக்கிறது.

ஏன் சாகிறது என்றால், இதை நன்னீர் மீன் என்று சொல்லி விற்கிறார்கள். குஞ்சுப் பருவத்தில் நன்னீரில் சில மாதங்கள் தாக்குப்பிடிக்கும் என்பது உண்மை. அந்தச் சில மாதங்கள்தான் கடைக்காரருக்குத் தேவை. வளர வளர இதற்கு உப்பு வேண்டும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. நன்கு வளர்ந்த பச்சைப் புள்ளிப் பேத்தைக்கு அதில் பாதி அளவாவது இருக்க வேண்டும், முழுக் கடல்நீரிலும் செழிக்கும். கடையில் ஒரு கைப்பிடி கல் உப்பை அள்ளிக் கொடுத்து "இதைப் போடுங்க, போதும்" என்பார்கள். கல் உப்பு வெறும் சோடியம் குளோரைடு. மெக்னீசியம், கால்சியம், நீரின் காரத்தன்மையைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட்டுகள் எல்லாம் சேர்ந்த கடல் உப்புக் கலவை வேறு, அதன் விலையும் வேறு. அளந்து போட உப்பளவுமானி வேண்டும். உப்பு நீரில் செடிகள் பெரும்பாலும் நிற்காது. மீன் 15 சென்டிமீட்டர் வரை வளரும், பத்தாண்டுக்கு மேலும் இருக்கும், ஒன்றுக்கே மூன்றடித் தொட்டி வேண்டும். பத்து வயதுப் பையனின் பிறந்தநாளுக்கு வாங்கிய மீனை அவன் கல்லூரி போகும்போதும் வீட்டில் இருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இதே சாதியில் எட்டுப் போன்ற வளையம் முதுகில் கொண்ட ஒசெல்லாட்டஸ் என்ற இனம் சிறியது, சுமார் 8 சென்டிமீட்டர். இதற்கு இலேசான உவர்நீர் போதும். கழிமுக மீன்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு இது மேல். நம் கடைகளில் அபூர்வம்.

இரண்டாவதாகக் கிடைப்பது பீ பஃபர். பட்டாணி அளவே இருப்பதால் அந்தப் பெயர். கரினோடெட்ராடான் ட்ராவன்கோரிகஸ். உலகிலேயே மிகச் சிறிய பேத்தைகளில் ஒன்று, 3 சென்டிமீட்டரைச் சுற்றியே நின்றுவிடும். இது நம் பக்கத்து வீட்டு மீன். 1941-இல் சுந்தர் லால் ஹோராவும் கே. கே. நாயரும் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார்கள். பின்னாளில் இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்கு இயக்குநரானவர் இந்த ஹோரா. அவர்களுக்கு மீன் கிடைத்தது பம்பை ஆற்றில். சபரிமலைக்குப் போகும் லட்சக்கணக்கான தமிழர்கள் முங்கிக் குளிக்கும் அதே பம்பை. கேரளத்தின் ஆறுகளிலும் உப்பங்கழிகளை அடுத்த நன்னீரிலும், கர்நாடகத்தின் தென்பகுதியிலும் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இயற்கையில் கிடையாது. அச்சாக இதைப்போலவே இருக்கும் இன்னோர் இனத்தைக் கர்நாடகத்திலிருந்து 1999-இல் பிரிட்ஸும் கொட்டெலாட்டும் பிரித்தறிந்து இமிடேட்டர் என்று பெயரிட்டார்கள். கடைத் தொட்டியில் இரண்டும் கலந்திருந்தால் கடைக்காரருக்கே தெரியாது.

பீ பஃபருக்கு உப்பு வேண்டாம். முழு நன்னீர் மீன். வெப்பம் 24 முதல் 28 டிகிரி, நடுநிலையிலிருந்து சற்றுக் காரமான நீர், அடர்ந்த செடிகள், மெல்லிய நீரோட்டம், இவை போதும். இடம் சிறிதாக இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பேத்தை இல்லை. ஆனால் உருவத்தைப் பார்த்துக் குடுவையில் விட்டுவிடக் கூடாது. ஒற்றை மீனுக்கு ஓரடித் தொட்டி, அதாவது ஏறத்தாழ 28 லிட்டர், குறைந்தபட்சம். நான்கைந்து மீன் வேண்டுமென்றால் இரண்டடித் தொட்டி.

ஒன்றாக வளர்ப்பதா, கூட்டமாக வளர்ப்பதா என்பதில் வளர்ப்பவர்களுக்குள்ளேயே பெரிய வழக்கு நடக்கிறது. இயற்கையில் கூட்டமாகத் திரியும் மீனைத் தனியே அடைப்பது கொடுமை என்பது ஒரு கட்சி. தொட்டியில் கூட்டமாக விட்டால் ஆண் மீன்கள் ஒன்றையொன்று வாலைக் கடித்துத் துரத்தியே கொல்லும் என்பது மறு கட்சி. இரண்டு பேரும் கண்டதைத்தான் சொல்கிறார்கள். வயிற்றின் நடுவே கருங்கோடு ஓடினால் ஆண், வயிறு உருண்டு கோடில்லாமல் இருந்தால் பெரும்பாலும் பெண். குஞ்சில் இதைப் பிரிப்பது கடினம். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்கில், ஒரு மீன் மற்றொன்றைப் பார்க்க முடியாத அளவுக்குச் செடியும் மரக்கட்டையும் அடைத்து வைத்தால் கூட்டம் நிலைக்கும். இரண்டு மீன் மட்டும் வாங்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம். வலுத்தது இளைத்ததை இடைவிடாமல் துரத்தும், துரத்தலைப் பங்கிட மூன்றாவது மீன் இருக்காது. என்னைக் கேட்டால் முதன்முறை வளர்ப்பவர் ஒன்றே ஒன்றை வாங்கட்டும் என்பேன். அந்த ஒன்று தனிமையில் வாடியதாக நம்பத்தக்க அடையாளம் எதையும் யாரும் காட்டியதில்லை. அது நாள் முழுவதும் வேட்டையில் இருக்கிறது.

மற்ற மீன்களோடு சேர்த்து வளர்ப்பது பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. கூடாது. கப்பியின் வால், ஃபைட்டரின் துடுப்பு, இறாலின் மீசை எல்லாம் பேத்தைக்குத் தின்பண்டம். தங்கமீன் தொட்டியில் பேத்தையை விட்டவர்களின் தங்கமீன்கள் ஒரு வாரத்தில் வாலில்லாத மீன்களாகின்றன.

மற்ற இனங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆப்பிரிக்காவின் நைல் ஆற்றுப் ஃபஹாகா 40 சென்டிமீட்டரைத் தாண்டும், காங்கோவின் எம்பூ 67 சென்டிமீட்டர் வரை போகும். எம்பூவுக்குக் கூடத்தையே தொட்டியாக்க வேண்டும், ஆயிரக்கணக்கான லிட்டர். வளர்ந்த ஃபஹாகா விரலைக் கடித்தால் தையல் போட வேண்டிவரும். நாய்முகப் பேத்தை போன்ற கடல் இனங்கள் பழகுவதில் சமர்த்து. ஆனால் கடல்நீர்த் தொட்டியை ஏற்கெனவே சில ஆண்டு நடத்திப் பழகியவருக்கு மட்டுமே அவை. முள்ளம்பேத்தை இதே வரிசையில் அடுத்த குடும்பம். அதற்கும் இதே நியாயம்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பேத்தை நிறையத் தின்னும், மென்று துப்பும், துண்டுகளைச் சிதறும். அந்தக் கழிவு அம்மோனியாவாகும். ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் குடியேறும் நுண்ணுயிரிகள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்த நுண்ணுயிரிகள் ஒரு புதுத் தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சனிக்கிழமை தொட்டி வாங்கி ஞாயிற்றுக்கிழமை பேத்தையை விடும் வழக்கத்துக்கு மீன்கள் கொடுக்கும் விலை அதிகம். செதில் இல்லாத, கழிவு அதிகமுள்ள மீன் இந்த இடைக்காலத்தில் சிக்கினால் தப்பாது. அந்த ஆறு வாரத்தை நத்தைகளுக்குக் கொடுங்கள். அவற்றின் கழிவிலேயே தொட்டி முதிரும், இரையும் பெருகும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்தோ, கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் துளி விட்டோ பிறகு ஊற்ற வேண்டும். சென்னையின் பெரும்பகுதி ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. குடிக்கத்தான் அது தொல்லை, பேத்தைக்குப் பெரிய தொல்லையில்லை. குடிநீர்க் கருவியின் ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்றுவதுதான் தவறு. தாது உப்பு நீங்கிய அந்த நீரில் காரத்தன்மை நிலைக்காது. வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுவது கட்டாயம். வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் ஹீட்டர் வாங்கச் சொல்கின்றன. நமக்கு மே மாதம்தான் கவலை. மதுரையிலும் வேலூரிலும் கோடைத் தொட்டி நீர் 32 டிகிரியை எளிதாகத் தொடும். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும். நீர்ப்பரப்பின் மேல் படும்படி சிறு மின்விசிறி வைத்தால் ஓரிரு டிகிரி இறங்கும். மின்வெட்டுள்ள ஊரில் மின்கலத்தில் ஓடும் காற்று பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

இனி, எல்லோரும் பார்க்கத் துடிக்கும் அந்த ஊதும் வித்தை. மிரண்ட பேத்தை தண்ணீரை மளமளவென்று விழுங்கி வயிற்றை நிரப்புகிறது. அதன் வயிறு செரிமான வேலையைப் பரிணாமத்தில் கைவிட்டு, நீர் தேக்கும் பையாகவே ஆகிவிட்டது. விலா இல்லாத உடம்பும் நெளிவுள்ள தோலும் விரிந்து கொடுக்க, விழுங்க வரும் மீனின் வாய்க்குள் அடங்காத அளவாகிறது. ஊதி நிற்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறது என்றுதான் நெடுநாள் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் அளந்து பார்த்தபோது, அந்த நேரத்தில் அது பல மடங்கு அதிகமாக ஆக்சிஜன் உட்கொள்வதும், பழைய நிலைக்குத் திரும்பப் பல மணி நேரம் ஆவதும் தெரிந்தன. ஓட்டப் பந்தயத்தில் மூச்சிரைக்க நிற்பவனின் நிலை அது. விருந்தாளிக்குக் காட்டவும் காணொளி எடுக்கவும் வலையால் குத்தி ஊத வைப்பது சித்திரவதை, வேறு பெயர் அதற்கில்லை. தண்ணீருக்கு வெளியே தூக்கினால் காற்றை விழுங்கி ஊதிவிடும். அந்தக் காற்றை வெளியேற்ற முடியாமலே சாவதுண்டு. இடம் மாற்றும்போது வலை வேண்டாம், ஒரு கிண்ணத்தைத் தண்ணீருக்குள்ளேயே இறக்கி மீனோடு நீரையும் சேர்த்து எடுக்க வேண்டும். நன்றாக வளரும் பேத்தை ஊதுவதே அபூர்வம். ஆண்டுக்கணக்கில் வளர்த்தும் ஒருமுறைகூட ஊதிப் பார்த்திராதவர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

வீட்டில் நஞ்சு மீனா என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. டெட்ரோடோடாக்சின் என்ற இந்த நஞ்சை 1909-இல் ஜப்பானியர் யோஷிசுமி தஹாரா பெயரிட்டு அறிவித்தார். நரம்புச் செல்களின் சோடியம் வாயில்களை அடைத்து, கை கால் மரத்து, கடைசியில் மூச்சுத் தசைகளை நிறுத்தும். மாற்று மருந்து கிடையாது. செயற்கைச் சுவாசம் கொடுத்து நஞ்சு வடியும்வரை தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. 1774-இல் கேப்டன் குக் நியூ கலிடோனியாவில் பேத்தையின் ஈரலில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுத் தப்பிப் பிழைத்தார், குடலைத் தின்ற கப்பல் பன்றி பிழைக்கவில்லை. நம் கடற்கரையில் வலையில் ஏறும் பேத்தையைக் கரையில் ஒதுக்கிப் போடுவது பழக்கத்தில் வந்த அறிவு.

ஆனால் இந்த நஞ்சை மீன் தானே சுரப்பதில்லை. நுண்ணுயிரிகளில் தொடங்கி இரை வழியாக உடம்பில் சேர்கிறது. நஞ்சில்லாத தீனியில் வளர்க்கப்படும் ஜப்பானியப் பேத்தைகளில் நஞ்சு இருப்பதில்லை என்பது உறுதியாகியிருக்கிறது. ஆசியாவின் நன்னீர்ப் பேத்தைகள் சிலவற்றில் சாக்சிடாக்சின் என்ற வேறு நஞ்சு காணப்படுகிறது. தொட்டியைச் சுத்தம் செய்யக் கை விடுவதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. செத்த மீனைப் பூனையோ நாயோ எடுக்காதபடி ஆழப் புதைத்துவிட வேண்டும், கை கழுவ வேண்டும். யாரும் சமைத்துப் பார்க்க வேண்டாம் என்று தனியே எழுதத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

நஞ்சைவிட அன்றாடத்தில் கவலை தருவது குடற்புழு. கடைக்கு வரும் பேத்தைகளில் மிகப் பெரும்பாலானவை ஆற்றில் பிடிக்கப்பட்டவை. பிடித்த இடத்திலிருந்து கடை வரை பல நாள் பட்டினி வேறு. நன்றாகத் தின்றும் வயிறு ஒட்டிப்போய், தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று பொருள். ஆடு மாடுகளுக்குக் கொடுக்கும் லெவமிசோல், நாடாப்புழுவுக்கான பிராசிகுவான்டெல் ஆகியவற்றை அளவறிந்து கொடுத்துக் குணப்படுத்துகிறார்கள். அளவறிந்தவர் சொன்னால் மட்டுமே. கடையில் வாங்கும்போதே வயிறு உருண்டிருக்கிறதா, கண் தெளிவா, ஆள் நிழலைத் தொடர்ந்து வருகிறதா என்று பார்த்து, எதிரிலேயே ஒரு புழுவைப் போடச் சொல்லித் தின்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள். பச்சைப் புள்ளிப் பேத்தையின் வெள்ளை வயிறு சாம்பல் பூத்திருந்தால் அது துன்பத்தில் இருக்கிறது.

இத்தனை தொல்லைக்கும் ஈடாக என்ன கிடைக்கிறது என்ற கேள்விக்குப் பதில் உண்டு. தீனி போடுபவரை இது அடையாளம் வைத்துக்கொள்ளும். அவர் அறைக்குள் வந்தால் கண்ணாடியோரம் வந்து மேலும் கீழும் துள்ளும், மற்றவர் வந்தால் செடிக்குள் நின்று நோட்டம் விடும். நத்தை ஊர்வதைப் பார்த்து, உடம்பைத் திருப்பி, குறி வைத்து, அது தலை நீட்டும் கணத்தில் கொத்தும். மீனுக்குள் இவ்வளவு கணக்கா என்று தோன்றும். ஜப்பானின் அமாமித் தீவருகே கடலடி மணலில் இரண்டு மீட்டர் அகலத்துக்குக் கோலம்போல் வட்டங்கள் இருப்பதை முக்குளிப்பவர்கள் 1995-இல் கண்டார்கள். பெண்ணை ஈர்க்க ஒரு சாணளவுகூட இல்லாத ஆண் பேத்தை துடுப்பால் உழுது வரைவது அது என்று பின்னர்தான் தெரிந்தது. அந்த இனத்துக்கு 2014-இல்தான் பெயரே வைத்தார்கள். பேத்தையை வளர்ப்பவர்கள் ஏன் வேறு மீனுக்குத் திரும்புவதில்லை என்பது எனக்கு விளங்கும்.

கடைசியாக, பலரும் கேட்காத கேள்வி. இந்த மீன் எங்கிருந்து வந்தது? பீ பஃபரை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவாய்ப்பு இனமாக வகைப்படுத்தியிருக்கிறது. ஆற்று மணல் அள்ளுதல், கழிவு, கரையோரச் செடிகள் அழிதல் ஆகியவற்றோடு வண்ண மீன் வணிகமும் காரணம். 2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான அழியும் நிலை நன்னீர் மீன்களைக் கணக்கெடுத்து ராஜீவ் ராகவனும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 30 இனங்களைச் சேர்ந்த 15 லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் வெளியே போயிருந்தன. அவற்றில் முன்வரிசையில் இருந்தவற்றுள் பீ பஃபரும் ஒன்று. இத்தனைக்கும் இது தொட்டியிலேயே இனம் பெருக்கக்கூடிய மீன். ஜாவா பாசிக்குள் முட்டையிடும், சில நாளில் பொரியும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களையும், பிறகு ஆர்ட்டீமியாக் குஞ்சுகளையும் கொடுத்து வளர்க்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஆற்றில் அள்ளுவது அதைவிட மலிவாக இருக்கும்வரை யாரும் அந்தப் பொறுமைக்கு மெனக்கெடமாட்டார்கள். வாங்குகிறவர் கேட்டால்தான் இது மாறும்.

வளர்க்க முடியாமல் போனால் ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். சென்னை ஏரிகளில் சக்கர் மீன் பெருகி வலைகளைக் கிழிப்பது இப்படி விட்டதன் பலன்தான். வாங்கிய கடையிலேயோ வேறு வளர்ப்பவரிடமோ திருப்பிக் கொடுங்கள்.

ஆக என் தீர்ப்பு இது. மீன் வளர்ப்பே புதிதென்றால் முதல் ஆண்டு வேறு மீன் வளர்த்துத் தண்ணீரைப் புரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பின்னும் ஆசை நிலைத்தால் பீ பஃபர் ஒன்று, தனித் தொட்டியில், நத்தை பெருகிய பிறகு. பச்சைப் புள்ளிப் பேத்தையை நன்னீர் மீன் என்று சொல்லி விற்கும் கடையில் எந்த மீனும் வாங்காதீர்கள். பீ பஃபர் கேட்டுப் போகும்போது ஆற்றில் பிடித்ததா, பண்ணையில் பொரித்ததா என்று கேளுங்கள். பண்ணையில் பொரித்தது இல்லையென்றால், வந்ததும் சொல்லச் சொல்லித் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புங்கள். வீட்டில் குஞ்சு பொரிக்க வைத்துப் பழகியவர்கள் அந்தக் குஞ்சுகளை உள்ளூர்க் கடைக்கே கொடுங்கள், தொட்டியில் "வீட்டில் பொரித்தது" என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.